உளியும் மின்சுழலியும்

குற்றாலத்துச் சித்திர சபையைக் கண்டு களித்தோர், அம்பாசமுத்திரத்தை அடுத்த திருப்புடைமருதூரையும் காணுதல் வேண்டும். நாறும்பூநாதர் கோயிற் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்களோடு மரச்சிற்பங்களும் உள. அவற்றை ஈன்றவை உளியும் கொட்டாப்புளியுமே. மின்சாரம் அன்று ஏது?

இன்று சிறு பதுமை செய்வோர் கைக்கொள்ளும் மின்சுழலி, பல் மருத்துவர்க்கென அமெரிக்கரான ஜார்ஜ் கிரீன் 1875-இல் காப்புரிமை பெற்ற துளைகருவியின் இனத்தது. பதுமையின் விரலிடுக்கில் உளியடி பட்டால் மரம் பிளக்கும். அங்கே சுழலி உதவும். ஆயினும் அது மரத்தைச் சீவுவதில்லை, தேய்க்கின்றது. விளிம்பு மழுங்கும், நுண்தூள் மூச்சிற் கலக்கும். கடைக்காரர் இதனைச் சொல்லமாட்டார்! ஆதலின் தட்டை உளி ஒன்று, குழி உளி ஒன்று, நல்ல சாணைக்கல் ஒன்று, இவற்றையே முதலில் வாங்குக. சுழலியை அதன்பின் வாங்கலாம். அதனோடு முகக்கவசமும் வேண்டும்.