கல்லில் ஒரு பெயர்

டாலிகஞ்ச் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் எங்கே கூட்டிப் போவார்கள் என்று சொல்லவே வேண்டாம். காளிகாட், விக்டோரியா, ஹௌரா பாலம், முடிந்தால் தட்சிணேஸ்வரம். இந்தப் பட்டியலில் இரண்டு கற்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. இரண்டும் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக வைத்தவை.

முதலாவது ஹூக்ளிக் கரையில், பிரின்செப் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லஸ்கர் நினைவுச் சின்னம். 1924-ல் வங்காள கவர்னர் லிட்டன் பிரபு திறந்து வைத்தது. லஸ்கர் என்றால் கப்பல் தொழிலாளி. துப்பாக்கி பிடித்தவர்கள் இல்லை. தளத்தில் கயிறு இழுத்தவர்கள், எஞ்சின் அறையில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கியபோது இவர்களும் கடலோடு போனார்கள். வங்காளம், அஸ்ஸாம், வட இந்தியா இங்கிருந்தெல்லாம் போய் இறந்தவர்கள் 896 பேர் என்கிறது கல்வெட்டு. எண்ணிக்கை உண்டு. பெயர்கள் இல்லை!

இரண்டாவதைப் பார்க்க டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் இறங்கி காலேஜ் ஸ்கொயர் வரை நடக்க வேண்டும். 49-வது வங்காளிப் படைப்பிரிவின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. வங்காளிகள் 'போர் இனம்' இல்லை என்று வெள்ளைக்காரன் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. (நம் மெட்ராஸ் சிப்பாய்களையும் இதே காரணம் சொல்லித்தான் குறைத்துக் கொண்டே வந்தார்கள்.) வங்காளத்துப் பெரிய மனிதர்கள் விடாமல் கேட்ட பிறகு 1916-ல் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் சேர்ந்ததும் இந்தப் படையில்தான். கராச்சியில் ஹவில்தாராக இருந்தார். மற்றவர்கள் மெசபொடேமியா, அதாவது இன்றைய இராக் வரை போனார்கள். சண்டையில் இறந்தவர்களை விட நோயில் இறந்தவர்கள் அதிகம். 1920-ல் படையையே கலைத்து விட்டார்கள். ஆனால் இறந்தவர்களின் பெயர்கள் இந்தக் கல்லில் இருக்கின்றன.

ஒரே நகரம், ஒரே போர். ஒரு கல்லில் எண், இன்னொரு கல்லில் பெயர். படித்த நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்காகக் கேட்க ஆள் இருந்தது. கரி அள்ளியவனுக்கு யார் கேட்பது?

இது கல்கத்தாவோடு முடிகிற கதையும் இல்லை. மெசபொடேமியாவில் இறந்தவர்களுக்காக 1929-ல் பாஸ்ராவில் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர் இருந்தது, இந்திய அதிகாரிகளின் பெயர் இருந்தது. சாதாரண இந்திய சிப்பாய்களுக்கு மட்டும் படைப்பிரிவின் பெயரும் எத்தனை பேர் என்ற எண்ணும்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் போரிட்ட களம் அது. இந்தப் பாகுபாட்டைப் பற்றி காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்கிறது அந்த அறிக்கை. பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்தவர்கள். மன்னிப்பு வர கிட்டத்தட்ட நூறு வருஷம்.

பெயர் வெட்டுவது அவ்வளவு கஷ்டமான காரியமா என்ன? நம்ம ஊர் நடுகல்லைப் பாருங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்கள் 2,000 வருஷத்துக்கும் மேல் பழையவை. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த மாடு பிடி சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு. அவன் ராஜா இல்லை, தளபதி இல்லை. ஆனாலும் அவன் பெயரும் சண்டை நடந்த ஊரும் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. பின்னாளில் வந்த செங்கம் நடுகற்களில் வில்லும் வாளுமாக வீரனின் உருவமே நிற்கிறது. கூடவே ஆண்ட மன்னன், ஆட்சியாண்டு, எந்தச் சண்டை, யார் செத்தான் என்ற விவரம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளை தொல்காப்பியமே சொல்கிறது. ஒரு சின்ன ஊர் தன் ஆளுக்குச் செய்ததை உலகத்தில் கால்வாசியை ஆண்ட சாம்ராஜ்யம் செய்யவில்லை!

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியும்? "மிலிட்டரிக்குப் போனார், திரும்பி வரலை" என்ற ஒரு வரியோடு பல வீடுகளில் கதை முடிந்து விடுகிறது. அவர் பெயரை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ படைப்பிரிவையோ கொடுத்து இலவசமாகத் தேடலாம். வெள்ளைக்கார குமாஸ்தா எழுதிய ஸ்பெல்லிங் எப்படியும் இருக்கும், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை பிரின்செப் காட்டுக்கு மாலைக் காற்று வாங்கப் போகும்போது பிள்ளைகளை அந்த லஸ்கர் சின்னத்தின் பக்கமும் கூட்டிப் போங்கள். 896 என்பது 896 வீடுகள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.