கடன் தள்ளுபடிக்குக் கட்டணம் கேட்கும் கடிதம்

(பண்ணை வானொலி உரை)



மோகனூர்ப் பக்கம் காவிரி வாய்க்காலை நம்பிக் கரும்பும், வாழையும், வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிற உங்களுக்குக் கடன் என்பது புதிய சங்கதி அல்ல. கரணை நடும்போது வாங்குகிற பணம், கரும்பு வெட்டி, ஆலைக்குப் போய், கிரயப் பணம் கைக்கு வந்தால்தான் அடைபடும். நடுவில் பத்துப் பன்னிரண்டு மாதம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் ஒரு காற்று அடித்து வாழை சாய்ந்தாலும் கணக்கு தலைகீழாகிவிடும். மனசு சோர்ந்திருக்கிற அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கடிதம் வந்து சேரும். தபாலிலும் வரும், இப்போது செல்போனிலும் வருகிறது. மேலே ஏதோ ஒரு முத்திரை, கீழே ரப்பர் ஸ்டாம்பு. உங்கள் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று எழுதியிருப்பார்கள்.

இதை நம்பலாமா என்று கேட்பதற்கு முன்னால் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் இதுவரை விவசாயியின் கடன் எப்படியெல்லாம் தீர்ந்திருக்கிறது? தீர்த்து வைத்தது யார்? அதற்கு விவசாயி யாருக்காவது கட்டணம் கட்டினாரா? இந்தச் சரித்திரம் தெரிந்துவிட்டால், கையில் இருக்கிற கடிதத்தை நீங்களே எடை போட்டுவிடலாம்.

பத்திரங்கள் எரிந்த காலம்

1875-ஆம் ஆண்டு மே மாதம். பூனா ஜில்லாவில் சூபா என்கிற ஊர். சந்தை நாளில் விவசாயிகள் கூட்டமாகத் திரண்டு லேவாதேவிக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்தார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியது கடன் பத்திரங்களை. அவற்றைப் பிடுங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். பக்கத்து ஊர்களுக்கும் அது பரவியது. தட்சிணக் கலகம் என்று இதைச் சொல்லுவார்கள்.

அந்தக் குடியானவர்களுக்கு ஏன் காகிதத்தின் மேல் அவ்வளவு கோபம்? அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. கைநாட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போனால், பத்திரத்தில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் செல்லும்.

அதன் பிறகு 1879-இல் தட்சிண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தில் எழுதியிருப்பதோடு நிற்காமல், உண்மையில் கைமாறிய பணம் எவ்வளவு என்று கோர்ட்டு ஆராயலாம் என்றார்கள். பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குகிற உரிமையும் விவசாயிக்குக் கிடைத்தது. இன்று நாம் சாதாரணமாக நினைக்கிற ரசீதுக்குப் பின்னால் ஒரு கலகமே இருக்கிறது, பார்த்தீர்களா?

நம் பக்கத்தில் நடந்தது

சென்னை ராஜதானியில் வேறு வழியும் தேடினார்கள். பிரெடரிக் நிக்கல்சன் என்கிற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியில் கிராமத்தார் சேர்ந்து கடன் சங்கம் நடத்துவதை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அவர் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் செங்கல்பட்டு ஜில்லா திரூரில் ராஜதானியின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. இன்று நம் ஊர் சொசைட்டிக்கு அதுதான் மூத்த அண்ணன்.

ஆனால் 1930 வாக்கில் உலகம் முழுவதும் மந்தம் வந்தது. விளைபொருள் விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. கடன் மட்டும் இறங்கவில்லை. பழைய விலையில் பத்து மூட்டை நெல் விற்று அடைக்கிற கடனுக்கு, இருபது மூட்டை விற்றாலும் போதவில்லை. 1935-இல் சத்தியநாதன் என்கிற அதிகாரி கணக்கெடுத்தபோது, ராஜதானி விவசாயிகளின் கடன் சுமார் 200 கோடி ரூபாய் என்று கண்டார். அந்தக் காலத்து 200 கோடி!

1937-இல் ராஜாஜி முதன் மந்திரியானார். அவர் சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர். 1925 முதல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். நம் வட்டாரத்துக் குடியானவர் படும் பாடு அவருக்குத் தெரியும். 1938-இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன்னால் ஒருவர் 500 ரூபாய் கடன் வாங்கினார். வட்டி வட்டியாகவே 850 ரூபாய் கட்டிவிட்டார். அசல் அப்படியே நிற்கிறது, வட்டியும் பாக்கி. புதுச் சட்டப்படி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி வரை நின்ற வட்டிப் பாக்கி ரத்து. அதோடு, அசலைப் போல இரண்டு மடங்கு கட்டிவிட்டால் கடனே தீர்ந்தது. இவருக்கு இரண்டு மடங்கு என்பது 1,000 ரூபாய். 850 போக 150 குறைகிறது. அந்த 150-ஐக் கட்டினால் முடிந்தது. நடுவில் பத்திரத்தைப் புதுப்பித்து, வட்டியையும் அசலோடு சேர்த்து எழுதியிருந்தாலும், முதலில் கைமாறிய தொகைதான் அசல் என்று சட்டம் சொன்னது.

ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. 850 கட்டினேன் என்பதற்கு ருசு எங்கே? பிராமிசரி நோட்டின் பின்புறம் வரவு எழுதி வாங்கியவர் தப்பித்தார். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தவர் கோர்ட்டில் திணறினார். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கே நிவாரணம் உண்டோ அங்கே தரகரும் உண்டு. கோர்ட்டு வாசலில் நின்று, நான் முடித்துத் தருகிறேன் என்று பணம் பிடுங்கிய ஆட்கள் அன்றே இருந்தார்கள். அப்படிப்பட்ட தரகர்களின் பெயர்ப் பட்டியலைக் கோர்ட்டுகள் வெளியிடலாம் என்று வெள்ளைக்காரன் காலத்து வக்கீல் தொழில் சட்டத்திலேயே இடம் இருந்தது. இன்றைக்குக் கடிதம் அனுப்புகிறவர் அந்தத் தரகரின் பேரப்பிள்ளை. தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, கம்பெனி என்று போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகு

1951-52-இல் ரிசர்வ் பாங்கு நாடு முழுவதும் கிராமக் கடனைப் பற்றி ஆய்வு செய்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் நூற்றுக்கு 70 பங்கு லேவாதேவிக்காரர்களிடம் வாங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 பங்குதான். அதற்குப் பிறகுதான் சொசைட்டிகள் பெருகின. 1969-இல் 14 பெரிய பாங்குகள் தேசியமயமாகி, கிராமத்துப் பக்கம் திரும்பின.

கடன் கொடுக்கிற இடம் மாறியதும், தள்ளுபடி செய்கிற வழியும் மாறியது. 1990-இல் மத்திய சர்க்கார் 10,000 ரூபாய் வரை விவசாயக் கடன் நிவாரணம் கொடுத்தது. 2006-இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவு விவசாயக் கடன் 6,866 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 2008-இல் மத்திய சர்க்கார் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டது. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு முழுத் தள்ளுபடி, மற்றவர்கள் முக்கால் பங்கு கட்டினால் கால் பங்கு கழிவு. 2016-இல் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியானது. 2021-இல் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது.

இத்தனையிலும் பொதுவாக இருப்பது என்ன? முதலாவது, அரசாங்கம் வெளிப்படையாக அறிவித்தது. இரண்டாவது, கடன் கொடுத்த சொசைட்டியோ பாங்கோதான் தன் பேரேட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டது. மூன்றாவது, எந்தத் தேதி வரை நின்ற கடன் என்று கெடு வைத்தார்கள். 2008-ஆம் ஆண்டுத் திட்டத்தில், 2007 மார்ச் 31 வரை கொடுத்த கடனில் தவணை தவறியதற்குத்தான் தள்ளுபடி. நான்காவதுதான் முக்கியம். கடன் தீர்த்து வைக்கிற தனியார் கம்பெனி எதற்கும் இதில் இடம் கிடையாது. பதிவுக் கட்டணமும் கிடையாது.

சர்க்கார் திட்டத்திலும் தவறு நடக்காமல் இல்லை. 2008-ஆம் ஆண்டுத் திட்டத்தை மத்திய தணிக்கை அதிகாரி ஆராய்ந்து 2013-இல் அறிக்கை கொடுத்தார். தகுதி உள்ள சிலர் விட்டுப்போயிருந்தார்கள், தகுதி இல்லாத சிலர் சேர்ந்திருந்தார்கள். தள்ளுபடிச் சான்றிதழ் விவசாயி கைக்குப் போனதற்கு ருசுவே இல்லாத கணக்குகளும் நிறைய. ஆகவே நிஜமான தள்ளுபடி வரும்போதும் நம் கணக்கை நாமே பார்த்து, எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

கடிதம் விரிக்கும் வலை

2023 டிசம்பர் 11-ஆம் தேதி ரிசர்வ் பாங்கே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. சில அமைப்புகள் கடன் தள்ளுபடி என்று விளம்பரம் செய்கின்றன. எந்த அதிகாரமும் இல்லாமல் தள்ளுபடிச் சான்றிதழ் கொடுத்து, சேவைக் கட்டணம், வக்கீல் கட்டணம் என்று வசூலிக்கின்றன. பாங்குக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்றும் தவறாகச் சொல்கின்றன. யாரும் ஏமாறாதீர்கள், போலீசில் சொல்லுங்கள் என்பது அதன் சாரம்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவிலும் கடன் தீர்க்கும் கம்பெனிகள் முன்பணம் வாங்கிக்கொண்டு கைவிட்ட புகார்கள் குவிந்து, 2010-இல் அங்கே விதி போட்டார்கள். டெலிபோன் மூலம் ஆள் பிடிக்கிற அந்தக் கம்பெனிகள், கடனில் ஒன்றையாவது தீர்த்துக் காட்டாமல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்த விதி.

ஏனுங்க, கட்டணம் ரெண்டாயிரம், மூவாயிரந்தானே, போனாப் போகுது என்று சிலர் நினைக்கலாம். நஷ்டம் அதோடு நிற்காது. ஒரு லட்ச ரூபாய் கிசான் கார்டு பயிர்க்கடனுக்கு வருஷ வட்டி 7 சதவீதம், அதாவது 7,000 ரூபாய். தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4,000 ஆகிறது. நம் கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்குள் கட்டுகிறவருக்குப் பயிர்க்கடன் வட்டியே இல்லை. கம்பெனியின் பேச்சைக் கேட்டுக் கட்டாமல் விட்டால் இந்தச் சலுகை போச்சு. வட்டி ஏறும். கணக்கில் கெட்ட பெயர் விழும். அடுத்த போகத்துக்குக் கடன் கிடைக்காது. அப்புறம் மீட்டர் வட்டிக்காரர் வாசல்தான். அதற்கு மேல், நீங்கள் கொடுத்த ஆதார் நகலையும் வெற்றுத்தாள் கையெழுத்தையும் வைத்து உங்கள் பெயரிலேயே வேறு கடன் வாங்கினாலும் வாங்குவார்கள்.

சில கடிதங்கள் ஆசை காட்டாமல் பயம் காட்டும். நாளைக்கே பாங்கு உங்கள் நிலத்தைப் பிடுங்கிவிடும் என்று எழுதும். கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற பாங்குகளுக்கு 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டம் அதிகாரம் தருகிறது. ஆனால் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. கோர்ட்டு மூலம் வசூலிக்க வழி உண்டு. அதற்கு நோட்டீசு வரும், வாய்தா வரும், நம் பக்கத்தைச் சொல்ல இடம் உண்டு. ஆகவே கோர்ட்டு நோட்டீசு வந்தால் அலட்சியம் கூடாது. கம்பெனிக் கடிதத்துக்குப் பயமும் கூடாது.

என்ன செய்யலாம்?

கடிதம் வந்தால் கிழித்துப் போட வேண்டாம், உறையோடு பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு அதுவே ருசு. அதில் அச்சடித்திருக்கிற நம்பருக்குப் போன் செய்ய வேண்டாம். நேரே கடன் வாங்கிய சொசைட்டிச் செயலாளரிடமோ பாங்கு மேனேஜரிடமோ காட்டி, இப்படி ஒரு உத்தரவு உண்டா என்று கேளுங்கள். உண்மையான தள்ளுபடி என்றால் அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், செக்குத்தாள் எதையும் வழியில் வந்தவரிடம் கொடுக்க வேண்டாம்.

நிஜமாகவே கட்ட முடியவில்லையா? ஒளிந்து திரிய வேண்டாம். பயிர் சேதத்தைச் சொல்லி, தவணையை மாற்றித் தர முடியுமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். பழைய பாக்கிக்கு ஒரே தவணைச் சமரசம் உண்டா என்று விசாரியுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லாமல் சமரசம் பேசலாம். அதற்கு நாமக்கல் கோர்ட்டில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கந்துவட்டித் தொல்லை என்றால் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம்.

ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற நம்பருக்குச் சொல்லுங்கள். பாங்கிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுங்கள். நீங்கள் சொன்னால்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தப்பிப்பார்.

சூபாவில் எரிந்த பத்திரம் முதல் 2021 வரை இந்தச் சரித்திரம் நமக்குச் சொல்வது இதுதான். கடன் தீர்ந்தால் அது கடன் கொடுத்தவர் பேரேட்டில் தெரியும், நம் கையில் ரசீதாக நிற்கும். மூன்றாம் ஆள் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிற சர்டிபிகேட்டால் எந்தப் பேரேட்டிலும் ஒரு காசு குறையாது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இன்றைக்கே பழைய ரசீதுகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கி வைக்கச் சொல்லுங்கள்.