திட்டிவாசல் திறந்த இரவு

கோல்கொண்டா கோட்டைக்குப் போகிறவர்கள் முதலில் செய்வது கைதட்டுவதுதான். பாலா ஹிஸார் வாசலின் குவிமாடத்துக்குக் கீழே நின்று தட்டினால், சுமார் 400 அடி உயரக் கருங்கற்குன்றின் உச்சி மண்டபத்தில் அது கேட்கிறது. பகைவன் வந்தால் மேலே தெரிவதற்கு என்கிறார்கள் வழிகாட்டிகள். 1687-இல் அந்த ஏற்பாடெல்லாம் வீணானது. கதவு உள்ளேயிருந்தே திறக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அழிவு தொடங்கிவிட்டது. 1685-இல் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலமின் படை வந்தபோது, அபுல் ஹசன் குதுப் ஷா இரவோடிரவாக இந்தக் குன்றுக்கு ஓடிவந்தார். 'தானா ஷா' என்று மக்கள் அழைத்த கோல்கொண்டா அரசர் இவர்தான். அன்றைய ஹைதராபாத்துக்கு மதில் கிடையாது. கைவிடப்பட்ட அந்த நகரத்தைப் படைவீரர்கள் வீடுவீடாகச் சூறையாடினார்கள். ஔரங்கசீப்பின் கோபத்துக்குக் காரணம் என்று பழி சுமத்தி, அமைச்சர் மாதண்ணாவையும் அவருடைய சகோதரர் அக்கண்ணாவையும் அரண்மனைக்காரர்களே தெருவில் வெட்டிக் கொல்ல வைத்தார்கள். அந்த இரண்டு தலைகளாலும் சமாதானம் வரவில்லை. 1687 தொடக்கத்தில் ஔரங்கசீப் நேரில் வந்து இறங்கினார்.

பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவரும் வெளிமதில், அதில் 87 கொத்தளங்கள். உள்ளே வெடிமருந்துக்குக் குறைவில்லை. தாக்க வந்தவர்கள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். முகலாயத் தளபதி கிலிச் கானின் கையைப் பீரங்கிக் குண்டு பெயர்த்தெடுத்தது. சில நாளில் இறந்துபோனார். அவருடைய பேரன்தான் 1724-இல் இதே மண்ணில் முதல் நிஜாமாகத் தலையெடுத்தார். ஒருநாள் இரவு ஏணி வைத்து மதில்மேல் ஏறியவர்களை ஒரு நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்ததாகவும், அதற்கு அரசர் தங்கப்பட்டை அணிவித்ததாகவும் நூல்கள் சொல்கின்றன. மதிலுக்கு அடியில் முகலாயர் வைத்த வெடிச்சுரங்கம் திரும்பி வெடித்து, அவர்கள் ஆட்களையே மூடியது.

பிறகு மழை வந்தது. முகாம் சேறானது, தானியம் வந்து சேரவில்லை, நோய் பரவியது. வீடுகளிலும் ஆற்றங்கரையிலும் வெட்டவெளியிலும் பிணங்கள் கிடந்ததாக முகலாய வரலாற்று நூல் சொல்கிறது. எட்டு மாத முற்றுகையில் என்னை உலுக்குவது இந்த இடம்தான். யார் அவர்கள்? கூலிக்குப் பள்ளம் தோண்ட வந்தவர்கள், மாட்டுக்காரர்கள், நகரத்தை விட்டுப் போக வழியில்லாத ஏழைகள். இரு பக்கத்துத் தளபதிகளின் பெயரும் நமக்குத் தெரியும். பசியில் செத்தவர்களுக்கு இந்தக் குன்றில் ஒரு கல்கூட இல்லை. ஒன்று நட்டால் என்ன குறைந்துவிடும்?

பீரங்கியால் முடியாததைப் பணம் முடித்தது. செப்டம்பரில் ஒரு பின்னிரவு, அப்துல்லா கான் பனி என்ற அதிகாரி தன் பொறுப்பிலிருந்த திட்டிவாசலைத் திறந்துவிட்டார். முகலாயர் உள்ளே புகுந்தார்கள். விலைபோகாத ஒருவர் இருந்தார்: அப்துர் ரசாக் லாரி. பாதுஷா அனுப்பிய ஆசைக் கடிதத்தை எல்லோர் முன்னிலும் கிழித்துப் போட்டவர். சேணம்கூடப் பூட்டாத குதிரையில் தாவி, கையளவு ஆட்களோடு கூட்டத்துக்குள் பாய்ந்தார். எழுபதுக்கும் மேற்பட்ட காயங்களோடு மறுநாள் அவரைக் கண்டெடுத்தார்கள். ஔரங்கசீப்பே வைத்தியர்களை அனுப்பிப் பிழைக்க வைத்தார்.

அபுல் ஹசன் தௌலதாபாத் கோட்டைச் சிறையிலேயே இறந்தார். குதுப் ஷாஹி அரசர்களின் கல்லறைகள் கோல்கொண்டாவின் அடிவாரத்தில் வரிசையாக நிற்கின்றன. கடைசி அரசருடையது அங்கே இல்லை, குல்தாபாத்தில் இருக்கிறது. அவரை வென்ற ஔரங்கசீப்பும் அதே ஊரில்தான் அடக்கமானார்.

குன்றின் மேலே ஜெகதாம்பா கோயில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தெலுங்கு ஆஷாட மாதத்தில் ஹைதராபாத்தின் போனாலுத் திருவிழா இங்கேதான் தொடங்குகிறது. பெண்கள் தலையில் பானை சுமந்து அந்தப் படிகளில் ஏறுகிறார்கள்.

கோல்கொண்டாவின் வீழ்ச்சியைச் சென்னப்பட்டணமும் உணர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் அதுவரை கோல்கொண்டா அதிகாரிகளிடம்தான் பேரம் பேசிவந்தார்கள். இனி முகலாயரிடம் பேச வேண்டியதாயிற்று. தமிழ்க் கரையும் கை மாறியது. 1677-இல் சிவாஜி கோல்கொண்டாவோடு கூட்டுச் சேர்ந்து தெற்கே வந்து பிடித்த செஞ்சியை நோக்கி, முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கானின் படை 1690-இல் நகர்ந்தது. கோல்கொண்டா எட்டு மாதம் தாங்கியது. செஞ்சி ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் தாங்கியது. அடுத்த வாரம் அந்த மலைக்குப் போவோம்.