கேட்கலாம், கூற வேண்டும்: போட்டிச் சட்டத்தின் 49ஆம் பிரிவு

இந்தியப் போட்டி ஆணையத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவதெல்லாம் அபராதங்களைப் பற்றித்தான். சிமென்ட் நிறுவனங்கள், கூகுள், இணையவழி அங்காடிகள் என்று பட்டியல் நீளும். போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் 4ஆம் பிரிவும் ஓரளவு எல்லோருக்கும் அறிமுகமாகிவிட்டன. அதே சட்டத்தின் 49ஆம் பிரிவை வழக்கறிஞர்கள்கூட அரிதாகவே புரட்டுகிறார்கள். மொழியியலிலிருந்து சட்டமொழி ஆய்வுக்கு வந்த எனக்கோ, மொத்தச் சட்டத்திலும் மிகச் சுவையான பிரிவு அதுதான்.

அது சொல்வது இவ்வளவே. ஒரு கொள்கையை வகுக்கும்போது, அது சந்தைப் போட்டியை எப்படிப் பாதிக்கும் என்று அரசு ஆணையத்திடம் கருத்துக் கேட்கலாம். கேட்டால், ஆணையம் 60 நாள்களுக்குள் கருத்துக் கூற வேண்டும். அக்கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. அரசுக்கு 'மே', ஆணையத்துக்கு 'ஷால்'. ஒரே வாக்கியத்தில் ஒருவருக்கு விருப்பம், மற்றவருக்குக் கடமை. கேட்பவருக்குக் காலக்கெடு எதுவுமில்லை. பதில் சொல்பவருக்கு உண்டு.

இந்த இலக்கணம் 2002இல் பிறந்ததன்று. 1964இல் நீதிபதி கே.சி.தாஸ்குப்தா தலைமையில் அமைந்த முற்றுரிமை விசாரணை ஆணையம் மறு ஆண்டு அறிக்கை அளித்தது. அதன் வழியே 1969இல் எம்.ஆர்.டி.பி. சட்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முற்றுரிமை, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் வந்தது. பெருநிறுவனங்கள் விரிவாக்கம் செய்யவோ, புதிய தொழில் தொடங்கவோ, ஒன்றோடொன்று இணையவோ மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. மேலும் விசாரணை தேவை என்று அரசு கருதினால் விண்ணப்பத்தை ஆணையத்துக்கு அனுப்பலாம். ஆணையம் அறிக்கை தந்தபின், தனக்குத் தக்கதென்று தோன்றும் ஆணையை அரசு பிறப்பிக்கலாம். நடைமுறையில் மிகச் சில விண்ணப்பங்களே ஆணையத்தின் மேசைக்குச் சென்றன. எஞ்சியவற்றின் விதி அமைச்சகத்திலேயே முடிந்தது. முற்றுரிமையைத் தடுக்கவென்று பிறந்த அமைப்பு, முற்றுரிமை குறித்த முதன்மையான முடிவுகளில் அழைத்தால் வரும் விருந்தாளியாகவே இருந்தது. 1991இல் அந்த முன் அனுமதி விதிகளே நீக்கப்பட்டபோது, அந்த அழைப்பும் இல்லாமற் போயிற்று.

1999இல் எஸ்.வி.எஸ்.ராகவன் தலைமையில் அமைக்கப்பட்ட குழு மறு ஆண்டு அறிக்கை தந்தது. சந்தையில் போட்டி குன்றுவதற்குத் தனியார் செய்யும் கூட்டுச்சதி மட்டுமே காரணமன்று, அரசின் விதிகளும் உரிமங்களும் காரணமாகலாம் என்ற புரிதல் அதற்குப் பின்னே இருந்தது. எனவே தண்டிக்கும் பணியோடு, போட்டிக்காக வாதாடும் பணியும் புதிய ஆணையத்துக்குத் தரப்பட்டது. 49ஆம் பிரிவின் வித்து இதுவே. ஆனால் வித்திலிருந்து முளைத்த வாக்கியத்தில் பழைய 'மே' அப்படியே குடியேறிவிட்டது. அத்தோடு 2002ஆம் ஆண்டின் வாசகம், போட்டி குறித்த கொள்கையை வகுக்கும்போது மட்டும், அதுவும் மத்திய அரசு மட்டும் கேட்கலாம் என்றது.

அடுத்து வந்த ஆறாண்டுகள் விந்தையானவை. 2003 அக்டோபரில் ஆணையம் ஒரே ஓர் உறுப்பினரோடு நிறுவப்பட்டது. நீதிமன்றம் போன்ற அதிகாரம் கொண்ட அமைப்புக்கு நிர்வாகத்தார் தலைவராகலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சட்டத்தைத் திருத்துவதாக அரசு கூறியதன்பேரில் 2005 ஜனவரியில் அவ்வழக்கு முடித்துவைக்கப்பட்டது. திருத்தம் 2007இல் வந்தது. 3, 4ஆம் பிரிவுகள் 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அதாவது, தண்டிக்கும் கை இல்லாமல், ஆலோசனை சொல்லும் வாய் மட்டுமே உள்ள அமைப்பாகவே ஆணையம் தன் இளமையைக் கழித்தது. பயிலரங்குகள், ஆய்வுகள், அமைச்சகங்களோடு கடிதப் போக்குவரத்து. பலரும் இதை வீணான காலம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிற்காலத்துச் சந்தை ஆய்வுகளுக்கான பழக்கம் அங்கேதான் ஊன்றியது.

2007ஆம் ஆண்டுத் திருத்தம் 49ஆம் பிரிவையும் தொட்டது. மாநில அரசுகளும் கேட்கலாம் என்றாயிற்று. போட்டிக் கொள்கை மட்டுமன்றி வேறு எப்பொருள் குறித்தும் கேட்கலாம் என்றாயிற்று. மதுபானக் கொள்முதல், பேருந்து வழித்தடம், வேளாண் விளைபொருள் சந்தை போன்ற மாநிலங்களின் ஆளுகைக்குட்பட்ட துறைகளுக்கு இது பெரிய கதவு. கதவின் தாழ்ப்பாள் மட்டும் முன்போலவே உட்புறம் இருந்தது.

கேட்கப்படாத இடத்தில் பேசுவதற்கு ஆணையம் கண்ட வழி, அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. போட்டிக்கான பரிந்துரைப் பணியையும் விழிப்புணர்வையும் ஆணையம் மேற்கொள்ள வேண்டும் என்கிறது அது. 2018 அக்டோபரில் மருந்துத் துறை பற்றி ஆணையம் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு, மருந்து விற்பனைச் சங்கிலியின் மிகையான இலாப விளிம்புகளைச் சுட்டிக்காட்டியது. 2020 ஜனவரியில் வந்த மின்வணிக ஆய்வு, தேடல் வரிசை, பயனர் மதிப்புரை, தள்ளுபடி ஆகியவற்றில் வெளிப்படைத்தன்மை வேண்டுமென்று தளங்களுக்கே அறிவுறுத்தியது. அது வெளிவந்த ஒரு வாரத்துக்குள் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அறிவுரையும் தடியும் ஒரே அலுவலகத்தில் இருப்பதன் பயனையும் நெருடலையும் அந்த ஒரு வாரம் காட்டிவிடுகிறது.

தடி தனியாருக்குத்தான். அரசிடம் என்ன நடந்தது என்பதற்கு வங்கிகளின் கதையைப் பார்க்கலாம். வங்கி இணைப்புகளைப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்க ஒரு முன்மொழிவு 2011 வாக்கில் எழுந்தது. ஆணையம் எதிர்த்தது. 2012 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வங்கிச் சட்டத் திருத்தத்தில் அந்தப் பொது விலக்கு இடம்பெறவில்லை. கட்டுப்படுத்தாத அறிவுரையும் வெல்லக்கூடும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் சட்டத்தின் 54ஆம் பிரிவு, பொதுநலன் கருதி ஓர் அறிவிக்கையால் விலக்களிக்க அரசை அனுமதிக்கிறது. 2017 ஆகஸ்ட் 30 அன்று, நாட்டுடைமை வங்கிகளின் இணைப்புகளுக்குப் பத்தாண்டு விலக்கு அறிவிக்கப்பட்டது. 2019இல் பத்து வங்கிகளை நான்காக்கும் திட்டம் வந்தபோது ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படவில்லை. சென்னையின் இந்தியன் வங்கி அலகாபாத் வங்கியைத் தன்னுள் ஏற்றதும் அவ்வாறே. இணைப்பு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரு சிற்றூரில் எதிரெதிரே நின்ற இரண்டு கிளைகள் ஒன்றாகும்போது கடன் தேடி வருபவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்கவென்றே சம்பளம் பெறுபவர்கள், அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதே என் மனக்குறை.

தென்கொரியாவின் சட்டத்தில் வினைச்சொல் வேறு. போட்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய சட்டத்தையோ விதியையோ கொண்டுவரும் அமைச்சகம், அந்நாட்டு நியாய வணிக ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். அங்கே கடமை கேட்பவருக்கு.

தமிழில் 'கேட்கலாம்' என்பதில் அனுமதியும் உண்டு, 'வாருங்கள், கேட்போம்' என்ற இலேசான தூண்டுதலும் உண்டு. ஆங்கிலச் சட்டத்தின் 'மே'யில் இரண்டாவது இல்லை. வங்கிகளுக்கான அந்தப் பத்தாண்டு விலக்கு 2027 ஆகஸ்டில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், தமிழ்ப் பொருளிலேயே, ஆணையத்திடம் கேட்கலாம்.