தோட்டத்துக்குப் போன நம்மாட்களும் திருப்பூருக்கு வந்தவர்களும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஓர் ஆடியோ வந்தது. வடக்கேயிருந்து வருகிறவர்களை யாரோ திட்டம் போட்டு ரயிலேற்றி அனுப்புகிறார்களாம். ஓட்டு வாங்கிக் கொடுத்து ஊரைப் பிடிக்கப் போகிறார்களாம். அவர்களுக்காகப் பேசுகிற சங்கங்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பணமாம். அனுப்பியவர் படித்தவர், நல்லவர். அவரைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை, நானும் அதே வேலையைச் செய்தவன்.

2018 கோடையில் "பிள்ளை பிடிக்கிற வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது" என்ற செய்தி சுற்றியது. பேரன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். யோசிக்காமல் நாலு குழுவுக்கு அனுப்பினேன். மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதில் ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் செத்தே போனார். காரில் வந்தது வடநாட்டுக் கும்பல் இல்லை, தமிழ்க் குடும்பம். மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் கூட இருந்தார்கள். நான் அனுப்பியது அத்திமூர் வரை போயிருக்காதுதான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

வரலாறு சொல்லிக்கொடுத்தவன் ஏன் நம்பினேன்? பேரனைப் பற்றிய பயம் ஏற்கெனவே மனசில் இருந்தது. செய்தி அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். முட்டாள்தான் நம்புவான் என்று நினைக்கிறவரைக்கும் இது நமக்குப் புரியாது.

இதே கதையை நம்மாட்களைப் பற்றியே ஒரு நாடு நம்பியது. முசிறி, துறையூர், நாமக்கல் பக்கத்திலிருந்தெல்லாம் கங்காணி பின்னால் சிலோன் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். கண்டி மலையில் வெள்ளைக்காரன் 1840இல் ஒரு சட்டம் போட்டு, உரிமையை நிரூபிக்க முடியாத காடு, தரிசையெல்லாம் அரசுக்கு எடுத்துக்கொண்டான். அதில் பெரும்பகுதி தோட்டமானது. நிலம் போன சிங்களக் குடியானவனின் மனக்குறை பொய்யில்லை. ஆனால் துரை பங்களாவில் இருந்தான். தினமும் கண்ணில் பட்டது லயத்தில் கிடந்த நம் கூலிக்காரன். 1931இல் வாக்குரிமை விரிந்ததும், "இவர்கள் ஓட்டுப் போட்டே நம் மலையைப் பிடித்துவிடுவார்கள், பின்னால் இந்தியா இருக்கிறது" என்ற பேச்சு வலுத்தது. உலகப் பொருளாதார மந்தம் வேறு. 1923இல் கொழும்பு வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவே, முப்பதுகளில் மலையாளத் தொழிலாளர்களை விரட்டச் சொல்லிப் பிரசாரம் செய்தார். எனக்கு இதுதான் ரொம்பச் சங்கடமான இடம். ஏழைக்காக நின்றவரே அந்தப் பக்கம் போனார்.

தோட்டத் தொழிலாளிக்காகப் பேசினவனுக்கும் "வெளியாள், தூண்டிவிடுகிறான்" என்ற பெயர்தான். பிரேஸ்கேர்டில் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் கூட்டங்களில் பேசியதற்காக 1937இல் அவரை நாடு கடத்த ஆளுநர் உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பேச்சு கடைசியில் சட்டமானது. 1948 குடியுரிமைச் சட்டத்தில் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்தத் தலைகளில் ஒருத்தரிடமும் விருப்பம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது திருப்பூருக்கு வருகிறேன். 2023 ஜனவரியில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ இங்கே சுற்றியது. ஒரு பனியன் கம்பெனி அருகே நடந்த சில்லறைத் தகராறு அது. நம்மாட்கள் கொதித்தார்கள். ஒரே மாதத்தில் கதை திரும்பியது. தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று அங்கே வீடியோக்கள் பறந்தன. ஒன்றில் வடமாநிலத் தொழிலாளர்களே தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். யார் கேட்டது? மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊர் போகிற கூட்டத்தை ரயில் நிலையத்தில் படம் பிடித்து, "பார், தப்பி ஓடுகிறார்கள்" என்றார்கள். போலீஸ் மறுத்தால் மறைக்கிறது என்றார்கள். இந்த மாதிரிக் கதைக்கு எதிராக எதைச் சொன்னாலும் அதுவே அதற்குச் சாட்சியாகிவிடும். பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பி, அவர்கள் இங்கே வந்து பார்த்துப் பேசிய பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

நம் பையன்களுக்குக் கூலி ஏறவில்லை என்கிற மனக்குறை எனக்குத் தெரியும், அது நிஜம். கண்டிக் குடியானவனின் நிலமும் நிஜம்தான். கூலியை நிர்ணயிப்பது யார் என்று அந்த ஆடியோவில் ஒரு வார்த்தை உண்டா, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

யார் வீட்டிலாவது தாத்தா, பாட்டியின் பழைய சிலோன் பாஸ்போர்ட்டோ, மண்டபம் முகாம் சீட்டோ இருந்தால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பரணையும் ஒரு தடவை பாருங்கள். அந்த ஆடியோ வந்த குழுவிலேயே போடலாம் என்றிருக்கிறேன்.