நாம் தேர்ந்தெடுக்காத மன்றம்



அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் நம் நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஆனால் அங்கே பல ஊர்களில் மேயரையும் பள்ளி வாரிய உறுப்பினரையும் கூட மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது இங்கு அதிகம் பேசப்படுவதில்லை. நம் ஸ்ரீ கெம்பாங்கானில் வடிகாலையும் குப்பையையும் கவனிப்பது சுபாங் ஜெயா மாநகர் மன்றம். அதன் உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் வாக்களிக்கும் நமக்கு, வீட்டு வாசலுக்கு மிக அருகில் உள்ள இம்மன்றத்திற்கு வாக்கில்லை.

முன்பு இவ்வாறு இல்லை. 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. செர்டாங் பாரு என்னும் புதுக்கிராமமாகத் தோன்றியதே நம் ஊர். அத்தகைய கிராமங்களும் தம் மன்றத்தைத் தாமே தேர்ந்தெடுக்க 1952ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது.

கோலாலம்பூர்த் தேர்தலில் இருந்தவை 12 இடங்களே. ஆயினும் நாட்டின் போக்கையே அது மாற்றியது. அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 9 இடங்களை வென்றன. டத்தோ ஓன் ஜாஃபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்குக் கிட்டியவை இரண்டே. அன்று அக்கட்சியை ஆதரித்த ம.இ.கா., 1954இல் கூட்டணியில் இணைந்தது. 1955 பொதுத்தேர்தலில் அக்கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்று, 1957இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசாகவும் அமைந்தது. அதே 1957இல் மாநகரான ஜோர்ஜ்டவுனுக்கு டி.எஸ். இராமநாதன் என்னும் தமிழர் மேயராக இருந்தார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மோதல் 1966இல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. இதனை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமையேற்றவரும் ஒரு தமிழரே, செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் நடைபெற வேண்டும் என்றே ஆணையம் பரிந்துரைத்தது. எனினும் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்திவிட்டது.

செலவு மிகும், இனப்பூசல் வளரும் என்போர் உளர். வரி செலுத்துவோர் கேள்வி கேட்க வேண்டாமா என்போரும் உளர். இரு தரப்பையும் மாணவர் முன் வைப்பதே ஆசிரியர் கடமை என்பது என் கருத்து.

2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்குரிமை தானாக வந்து சேர்கிறது. இன்றைய ஆறாம் ஆண்டு மாணவருக்கு அதற்கு ஆறே ஆண்டுகள்தாம் உள்ளன. வகுப்புத் தலைவரை நாமே நியமிக்காமல், வாக்குச் சீட்டும் பெட்டியும் வைத்து மாணவர்களே தேர்ந்தெடுக்கச் செய்வோம். பெற்றோர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்திற்குத் தவறாது வந்து வாக்களியுங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கின்றனர்.