நிலையான பாலம் இல்லாத இருபது ஆண்டுகள்

மூளைக்குள் இரத்தம் கசிந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். அப்படி இறப்பவர்களில் பாதிப்பேர் முதல் இரண்டு நாள்களிலேயே. 80 வயதைக் கடந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பக்கவாதம் வந்தால் அது இரத்தக் கசிவா, இரத்தக்குழாய் அடைப்பா? ஸ்கேன் படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பைக் கரைக்கும் மருந்து கசிவுள்ளவரைக் கொன்றுவிடக்கூடும். எனவே ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி உயிர் சார்ந்த விஷயம்.

இலங்கையின் மன்னார்த் தீவுக்கு அந்த வழி 1990இல் அறுந்தது. போரில் பாலம் தகர்க்கப்பட்டது, தலைமன்னார் ரயிலும் நின்றது. முதியவர்களுக்கு அது கொடிய காலம்.

புதிய பாலம் 2010இல்தான் திறந்தது. மறு ஆண்டு சங்குப்பிட்டிப் பாலமும் வர, பெரிய ஆஸ்பத்திரி உள்ள யாழ்ப்பாணம் பூநகரி வழியே கிட்டத்தில் வந்தது. ரயில் தலைமன்னாருக்குத் திரும்ப 2015 ஆனது.